பின்வீட்டுக் குசினியின் உரிமையாளர்

சிட்னியின் பரமட்டாவில், ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில், நீள மேசையைச் சுற்றி அன்று ஐந்து பேர் இருந்தோம். ஹரிஸ் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அங்கிள். அவருடைய சட்டத்தரணி, தலை நரைத்த வெள்ளைக்காரர். எங்களுக்காக வந்த இளம் சட்டத்தரணி. தமிழ்ப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவர், நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். செவன் ஹில்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அண்ணை. அவருக்குப் பக்கத்தில் நான்.

அக்கா வரவில்லை.

மேசையில் பரப்பியிருந்த கடதாசிகள் முழுக்க அவர் சமைத்த கறிகளும் அவர் பேசிய பேச்சும்தான். அவருடைய பெயர் மட்டும் ஒரு கடதாசியிலும் இல்லை. அது இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லாரும் பாடுபட்டோம். அதனால்தான் அந்த மேசைக்கும் வந்து சேர்ந்தோம்.

அவர் என் கூடப்பிறந்த அக்கா இல்லை. நான் மலையகத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுபவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். மாணவர் விசாவில் சிட்னிக்கு வந்து, பரமட்டாவில் ஒரு சின்னக் கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டு, செவன் ஹில்ஸ் பண்டகசாலை ஒன்றில் பெட்டி அடுக்கினேன். அண்ணையின் வீட்டில் ஓர் அறை எனக்கு. வளவின் பின்பக்கம், ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியுமாகத் தனியே ஒரு சின்ன வீடு இருந்தது. 2011 கடைசியில் அக்கா அங்கே குடிவந்தார்.

வன்னியிலிருந்து படகில் வந்தவர். இங்கே குடிவரவுத் தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவர். தனி ஆள். ஊரில் ஒரு தம்பி மட்டும் மிச்சம். வீட்டுக்கு வந்து விசாரிக்கும் புலனாய்வுக்காரர்களிடம், “அக்கா மத்திய கிழக்கில வீட்டு வேலைக்குப் போயிருக்கிறா” என்று அந்தத் தம்பி சொல்லிவைத்திருந்தான். அந்த ஒரு பொய்யில்தான் அவன் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா எங்களிடம் வந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். “என்ர பேரை ஒருதரிட்டையும் சொல்லிப்போடாதையுங்கோ” என்று அண்ணையிடம் கைகூப்பிக் கேட்டார்.

வீடியோ எடுக்கும் யோசனை தொலைபேசியால் வந்தது. முகாமில் பழகிய பெடியன்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, அறைகளில் நாலைந்து பேராகத் தங்கியிருந்தார்கள். ஒருவனுக்கும் சமைக்கத் தெரியாது. அக்காவைக் கூப்பிட்டு, பருப்புக்கு எவ்வளவு தண்ணி, டின் மீனுக்கு எப்போது புளி என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர், போனை வைத்துவிட்டு என்னிடம் சலித்துக்கொண்டார்.

“தம்பி, ஒரே கதையை எத்தினை பேருக்குச் சொல்லுறது? என்னை ரெக்கோர்ட் பண்ணி வைச்சால் என்ன?”

“வீடியோவா எடுத்து இன்டர்நெட்ல போட்டுடலாங்க அக்கா. எல்லாரும் பாத்துக்குவாங்க.”

“என்ர முகம்?”

“கைய மட்டும் காட்டுவோம்.”

அப்படித்தான் தொடங்கியது. என்னிடம் ஒரு பழைய கமரா இருந்தது. பின்வீட்டுக் குசினியில் பகல் வெளிச்சம் நன்றாக விழும். அடுப்பு, சட்டி, அவருடைய இரண்டு கைகள், குரல். அவ்வளவுதான் படத்தில். பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டும் மிசினை இழுத்தால், முடியும்வரை காத்திருப்போம். பெயர் வைத்தவரும் அவர்தான். பேருக்கு என்ன போடுவது என்று நான் கேட்டபோது, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், “பின்வீட்டுக் குசினி” என்றார்.

“வணக்கம் பிள்ளையள்” என்றுதான் ஆரம்பிப்பார். “இண்டைக்கு டின் மீன் கறி. டின்னைத் திறக்கத் தெரிஞ்ச ஆர் வேணுமெண்டாலும் செய்யலாம். இந்த வீட்டுச் சொந்தக்கார அண்ணைக்கு முட்டை அவிக்கவும் தெரியாது. தண்ணி கொதிக்குதோ எண்டு விரலை விட்டுப் பாக்கிறவர். நீங்கள் அந்தளவுக்கு மோசமில்லைத்தானே?”

கமராவுக்குப் பின்னால் நின்ற அண்ணை, “ஐயோ பிள்ளை, என்ர மானம் கனடா மட்டும் போகப்போகுது” என்று கத்தியது அந்த வீடியோவில் அப்படியே பதிவாகியிருந்தது. வெட்ட வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அவர் சிரித்ததையும் நான் வெட்டவில்லை.

கனடா மட்டும் போகத்தான் செய்தது. நோர்வே, சுவிஸ், மெல்பேர்ண், எங்கெங்கோ அறைகளில் தனியே இருக்கும் பெடியன்கள் கீழே எழுதினார்கள். நான் வாசிப்பேன், அக்கா கேட்பார். “அக்கா, உப்புக் கூடிப்போச்சு, என்ன செய்யலாம்?” “அக்கா, சமைக்கேல்லை, சும்மா உங்கட குரலைக் கேட்டுக்கொண்டு பாணும் ஜாமும் சாப்பிடுறன்.” இப்படி. தேங்காய்ப்பூவுக்குக் காய்ந்த தேங்காய்த் தூளைச் சுடுபாலில் ஊறவைக்கும் வித்தையையும், முருங்கையிலைக்குப் பதிலாக இங்கத்தைய சில்வர்பீட் கீரை போட்டுச் சொதி வைப்பதையும் அவர் சொல்லப்போய், ஹரிஸ் பார்க் கடைகளில் பெடியன்கள் அதையெல்லாம் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள்.

ஒருநாள் அங்கே கறிவேப்பிலை வாங்கும்போது, அக்கா கடைக்காரரிடம் விலை கேட்டார். வரிசையில் முன்னால் நின்ற பெடியன் சட்டென்று திரும்பினான்.

“அக்கா... நீங்கள் பின்வீட்டு அக்காவோ?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்து ஸ்டேசன் பக்கமாக நடக்கும்போது ஒரே சிரிப்பு. பிறகு சொன்னார்:

“முகாமில என்னை நம்பராலதான் கூப்பிட்டவை, தம்பி. வந்த படகுக்கு மூண்டு எழுத்து, அதுக்குப் பிறகு ஒரு இலக்கம். இப்ப பாரும், பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கள். அது என்ர சொந்தப் பேரில்லைத்தான். ஆனா நான் வைச்ச பேர்.”

வர்த்தகச் சட்டம் என்றொரு பாடம் எனக்கு இருந்தது. அதில் ஒரு வகுப்பு ட்ரேட் மார்க் பற்றி, அதாவது ஒரு தொழிலின் பெயரைப் பதிவுசெய்து காப்பது பற்றி. இணையத்தில் பெயர் எடுத்தவர்கள், கணக்கு தங்களுடையது என்பதால் பெயரும் தங்களுடையதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நாளைக்கு ஒருவன் அதே பெயரில் சாமான் விற்கத் தொடங்கினால் என்ன செய்வார்கள் என்று விரிவுரையாளர் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அண்ணையிடமும் அக்காவிடமும் சொன்னேன்.

“பேரையும் ரெஜிஸ்டர் பண்ணலாமோ?” என்றார் அண்ணை. “கார் மாதிரியோ?”

“ஆமாங்க அண்ணே. கம்ப்யூட்டர்லயே விண்ணப்பம் போடலாம்.”

“இவன்ர தமிழைக் கேட்டால் இந்தியாக்காரன் கதைக்கிற மாதிரிக் கிடக்கு. ஆனா மண்டை வேலை செய்யுது. போடு, போடு.”

விண்ணப்பத்தில் பெயரைப் போட்டோம். சமையல் வீடியோ, மசாலாத் தூள் என்ற வகைகளைப் போட்டோம். பிறகு ‘உரிமையாளர்’ என்ற இடம் வந்தது. அக்கா எழுந்து நின்றுவிட்டார். “என்ர பேர் வேண்டாம்.” நான் மாணவர் விசாக்காரன், எப்போது திருப்பி அனுப்பப்படுவேனோ தெரியாது. மூன்று பேரும் ஆளை ஆள் பார்த்தோம். அண்ணை, “என்ர பேரைப் போடு, அதுக்கென்ன” என்றார்.

அந்த வீட்டில் எல்லாமே அண்ணையின் பெயரில்தான் இருந்தது. கரண்ட் பில், இன்டர்நெட், நான் ஓட்டிய பழைய கார், அக்காவின் போன் சிம். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் எதிலும் பெயர் வைக்கக் கூடாது, சிட்டிசன் ஒருவர் பெயரில் இருந்தால் பத்திரம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. எங்களைப் போல வந்திறங்கிய எல்லாரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். தன் பெயரைக் கொடுக்கும் மனிதரைப் பெரிய மனது உள்ளவர் என்றுதான் சொல்வோம். அண்ணையும் அப்படிப்பட்டவர்தான். உரிமையாளர் யார் என்ற கேள்வியை, யாருடைய பெயரில் இருந்தால் பத்திரம் என்ற கேள்வியாகவே நாங்கள் வாசித்தோம். வேறு மாதிரி வாசிக்கலாம் என்று எங்கள் மூவருக்கும் தோன்றவே இல்லை.

சில மாதங்களில், விண்ணப்பம் ஏற்கப்பட்டது, இனி யாராவது எதிர்ப்புத் தெரிவிக்கிறார்களா என்று பார்ப்போம் என்று பதில் வந்தது. நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். அக்கா பாயசம் காய்ச்சினார். அந்தப் பாயசத்தையும் வீடியோ எடுத்தோம். “இண்டைக்கு ஏன் பாயசம் எண்டு கேக்காதையுங்கோ பிள்ளையள், சந்தோசம், அவ்வளவுதான்” என்று அதில் சொல்வார்.

பிறகு ஒருநாள் அண்ணையின் மனைவி ஒரு பைக்கற்றைக் கொண்டுவந்தார். ஹரிஸ் பார்க்கில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் கண்டாராம். கறித்தூள். மேலே கொட்டை எழுத்தில் ‘பின்வீட்டுக் குசினி’. கீழே முகமில்லாமல் இரண்டு கைகள், வளையல் போட்ட கைகள், அம்மியில் அரைக்கின்றன. அக்கா வளையல் போடுவதில்லை. பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கத்தரிக்கோலால் வெட்டி, ஒரு துளி நாக்கில் வைத்தார்.

“கொத்தமல்லி கூடிப்போச்சு” என்றார்.

அண்ணையும் நானும் அன்றே அதை விற்ற கடைக்குப் போனோம். கடைக்கார அங்கிள் இங்கே வந்து இருபது வருசத்துக்கு மேல். அண்ணையைக் கோயிலில் நன்றாகத் தெரியும்.

“வா தம்பி வா. என்ன, சாமான் வாங்கவோ?” என்று அண்ணையைப் பார்த்துக் கேட்டார்.

“அண்ணை, இந்தப் பேர்...” என்று அங்கிளிடம் பைக்கற்றை நீட்டினார் எங்கள் அண்ணை.

“ஏன், நல்லாயில்லையோ? பெடியங்கள் வந்து பின்வீட்டுக் குசினியில சொன்ன சாமான் எண்டு கேட்டு வாங்குறாங்கள். அப்ப நானே ஒண்டை அடிச்சு விட்டால் என்ன எண்டு பாத்தன்.”

“அது எங்கட பிள்ளையின்ர பேர். விண்ணப்பமும் போட்டிருக்கிறம்.”

“ஆற்ர பேரில?”

“என்ர பேரில.”

அங்கிள் வாய்விட்டுச் சிரித்தார். “உன்ர பேரிலயோ? உனக்கு முட்டை அவிக்கத் தெரியாதெண்டு உலகம் முழுக்க வீடியோவில சொல்லிக் கிடக்கே, மோனை!”

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அண்ணைகூட வெட்கத்தில் கொஞ்சம் சிரித்தார். அங்கிள் கெட்ட மனிதர் என்று அப்போதும் நான் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. எல்லார் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு குசினி இருக்கிறது, யாரும் வைக்கக்கூடிய பேர்தானே என்று உண்மையாகவே நம்பினார். வியாபாரி. ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு, அந்தச் சிரிப்பில் தனக்கு என்ன இருக்கிறது என்று அவர் யோசித்திருப்பார் போல. கொஞ்ச நாளில் அவருடைய சட்டத்தரணியிடமிருந்து எதிர்ப்பு மனு வந்தது. எங்கள் விண்ணப்பத்தைப் பதியக் கூடாது. விண்ணப்பித்தவர் அந்தப் பெயரின் உரிமையாளர் அல்ல. அந்தப் பெயரை அவர் ஒருநாளும் பயன்படுத்தியதே இல்லை.

சாட்சிக்கு எங்கள் வீடியோக்களையே கொடுத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அக்கா பேசியதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, கீழே முத்திரை குத்தியிருந்தார். டின் மீன் கறியும் முட்டையும் அதில் இருந்தன. ‘வீட்டின் உரிமையாளருக்கு முட்டையை வேகவைக்கும் திறன் இல்லை என்று பெண் குரல் கூறுகிறது. ஆண் குரல் அதை மறுக்கவில்லை.’ நான் அதை அக்காவுக்குத் திருப்பித் தமிழில் சொன்னேன். அவர் சிரிப்பாரோ என்று ஒரு நப்பாசை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சட்டத்தரணியைப் பார்க்கப் போன முதல் நாள் அக்காவும் வந்தார். முக்காடு போட்ட மாதிரி சால்வையைத் தலையில் இழுத்துவிட்டிருந்தார். சட்டத்தரணி ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

யார் முதலில் அந்தப் பெயரைப் பயன்படுத்தித் தொழில் செய்தாரோ, அவர்தான் உரிமையாளர். அது அக்கா. அண்ணை விண்ணப்பித்ததால் அந்த விண்ணப்பம் முதல் நாளிலிருந்தே செல்லாது. பிறகு அக்காவின் பெயருக்கு மாற்றி எழுதினாலும் அது உயிர்பெறாது.

“அப்ப எல்லாம் போச்சோ?” என்றார் அண்ணை.

இல்லை என்றார் சட்டத்தரணி. அக்கா தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். கடைக்காரருக்கு முன்பே அவர் தொடங்கிவிட்டார் என்பதற்கு வீடியோக்களே சாட்சி. வெல்வதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அக்கா சட்டத்தரணியை நேராகப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். “என்ர பேரும் விலாசமும் எங்க இருக்கும், பிள்ளை?”

பதிவேட்டில் என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது.

“அதை ஆர் பாக்கலாம்?”

யாரும் பார்க்கலாம் என்றார். இணையத்தில், எந்த நாட்டிலிருந்தும். அதோடு, நான்தான் தொடங்கினேன் என்று அக்கா சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும், அதன் பிரதி கடைக்காரருக்கும் போகும்.

“கம்பெனி ஒண்ணு தொடங்கி அது பேர்ல போட்டா?” என்று நான் கேட்டேன். கம்பெனியின் இயக்குநர் பெயரும் எல்லாரும் பார்க்கக்கூடியதுதான் என்றார் சட்டத்தரணி. வேறொருவரை இயக்குநராக்கினால் கடைக்காரர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார்.

இன்னொரு வழியும் இருந்தது. தொழில் அண்ணையுடையது, யோசனையும் செலவும் மேற்பார்வையும் அவருடையவை, சமைத்தவர் அவர் சொன்னபடி செய்த ஆள் மட்டும்தான் என்று அண்ணை சத்தியம் செய்தால் பழைய விண்ணப்பம் நிற்கக்கூடும். உண்மையாக இருந்தால் மட்டும்தான் அதை எழுதித் தருவேன் என்றார் சட்டத்தரணி.

“எழுதுங்கோ” என்றார் அண்ணை. “கோயிலில கற்பூரம் அணைச்சும் சொல்லுறன். என்ர தொழில்தான்.”

“அண்ணை, பேசாமல் இருங்கோ” என்றார் அக்கா.

“ஏன் பிள்ளை? உனக்காகத்தானே.”

“எனக்காக நீங்கள் பொய்ச்சத்தியம் பண்ண வேண்டாம். அதை விடுங்கோ. அது என்ர இல்லை எண்டு ஒருக்கா ஒரு பேப்பரில எழுதினால், பிறகு அது உண்மையாய்ப் போயிடும்.” என் பக்கம் திரும்பினார். “என்ர எண்டு சொன்னால் ஊரில என்ர தம்பி மாட்டுப்படுவான். என்ர இல்லை எண்டு சொன்னால் பேர் இருக்கும், நான் இருக்க மாட்டன். இதில எதை எடுக்கச் சொல்லுறா இந்தப் பிள்ளை?”

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சட்டத்தரணி மேசையைப் பார்த்துக்கொண்டு, “சொறி அக்கா” என்றார். அவர் எங்களிடம் பேசிய தமிழ்ச் சொல் அந்த ‘அக்கா’ ஒன்றுதான்.

ரயிலில் திரும்பும்போது அக்கா சன்னலோரம் இருந்தார். செவன் ஹில்ஸில் இறங்கிப் படியேறும்போதுதான் சொன்னார்: “விட்டுடுங்கோ.”

அதனால்தான் அந்த மேசைக்கு அக்கா வரவில்லை.

பேச்சு நீளவில்லை. நாங்கள் விண்ணப்பத்தை மீளப் பெறுவது, அந்தப் பெயரில் இனி வீடியோ போடாமல் விடுவது, அவர்கள் தங்கள் செலவை எங்களிடம் கேட்காமல் இருப்பது. அக்கா சொல்லிவிட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: அவருடைய பழைய வீடியோக்களை ஒருவரும் எதற்கும் எடுக்கக் கூடாது. அங்கிள் உடனே ஒப்புக்கொண்டார். சட்டத்தரணிகள் வசனங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது அண்ணையின் பக்கமாகச் சாய்ந்தார்.

“குறை நினைக்காதை. ஒண்டு சொல்லட்டே? அந்தப் பிள்ளையை என்னட்டை வரச் சொல்லு. நானும் வீடியோ போடப்போறன், அதுக்கு அவவின்ர குரல்தான் சரி. நான் பிடிச்ச ஆளுக்கு வாய் வராது. மாசம் மாசம் சம்பளம் தாறன். அதே பேர், அதே சமையல். அவவுக்கும் ஒரு வருமானம்.”

அண்ணை கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார்.

“அவவின்ர பேருக்கு அவவையே கூலிக்குக் கூப்பிடுறியளோ, அண்ணை?”

“சே, அப்பிடியில்லை. நல்லதுக்குத்தான்...”

“நல்லதுக்குத்தான். நீங்களும் நல்லதுக்குச் சொல்லுறியள். நானும் நல்லதுக்குத்தான் என்ர பேரைப் போட்டனான்.” அவர் பேனையைத் திரும்ப எடுத்தார். “எங்கை கையெழுத்து வைக்கிறது? காட்டு தம்பி.”

நான் இடத்தைக் காட்டினேன். உரிமையாளர் என்று அச்சடித்த சொல்லுக்குப் பக்கத்தில் அண்ணை கையெழுத்து வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்காவின் குசினி மேசையில் லப்டொப்பை வைத்து, அவர் சொன்னபடியே வீடியோக்களை அழித்தேன். அக்கா கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். படங்களைப் பார்க்க வேண்டாம் என்றார். “கீழ எழுதியிருக்கிறதுகளை மட்டும் வாசியும்.” ஒவ்வொன்றையும் அழிப்பதற்கு முன் வாசித்தேன். உப்புக் கூடிய பெடியன். நோர்வேயில் பனிக்குள் இருந்துகொண்டு புட்டு அவித்தவன். அம்மாவின் கைப்பக்குவம் மறந்துபோயிருந்தது, நீங்கள் ஞாபகப்படுத்தினீர்கள் என்று எழுதியவன். சிலருக்கு அக்கா வாயாலேயே பதில் சொன்னார், அவர்கள் எதிரில் இருப்பது போல. “உருளைக்கிழங்கு வெட்டிப்போடு மோனை, உப்பை இழுக்கும்.” நான் அதை எழுதவா என்று கேட்டேன். “வேண்டாம். இனி ஆர் எண்டு எழுதுறது?” என்றார்.

பாயச வீடியோவை அழிக்கும்போது மட்டும் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவியிருந்த சட்டியைத் திரும்பக் கழுவினார்.

தனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு சின்ன ட்ரைவில் போட்டுத் தருகிறேன் என்றேன். கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, தலையை ஆட்டினார். “முகமில்லாத படத்தை வைச்சு நான் என்ன செய்ய? எனக்கே நாளைக்கு ஆற்ர கையெண்டு தெரியாமல் போயிடும்.”

2013 நடுவில் அவர் மெல்பேர்ணுக்குப் போய்விட்டார். அங்கே மரக்கறி கழுவிப் பைகளில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பஸ் நிலையத்தில் அண்ணையும் அண்ணியும் நானும் நின்றோம். “போட்டு வாறன்” என்றார். போய்ச் சேர்ந்த பிறகு ஒருமுறை போன் எடுத்தார். சமையல் எப்படி என்று நான் கேட்டேன். தொழிற்சாலையில் சாப்பாடு தருகிறார்கள், அறையில் சமைப்பதில்லை என்றார். ஊரில் தம்பி சுகமாக இருக்கிறானாம். பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

அங்கிளின் சானல் நடந்துகொண்டிருந்தது. அதே பெயர், வளையல் போட்ட கைகள், அதே டின் மீன் கறி. புதிய குரல் மெதுவாக, எழுதி வைத்துப் படிப்பது போலப் பேசும். நான் பார்க்கக் கூடாது என்று இருந்தும் ஒருநாள் பார்த்துவிட்டேன். கீழே ஒரு பெடியன் எழுதியிருந்தான்: “அக்கா, கனநாளாய்க் காணேல்லை. குரல் மாறிக் கிடக்கு. தடிமனோ? கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ.” அதற்குக் கடையிலிருந்து யாரோ பதில் போட்டிருந்தார்கள்: “ஓம் தம்பி. நன்றி.”

நான் அதை மூன்று, நான்கு தரம் வாசித்தேன். அவனுக்கு எழுத விரலை வைத்தேன். என்ன எழுதுவது? அது அவர் இல்லை என்றா? அப்படியென்றால் அவர் யார் என்று கேட்பான். அதைச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும்.

அண்ணையிடம் சொன்னேன். அவர் முன் விறாந்தையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழற்றிய செருப்பைக் கையிலேயே வைத்திருந்தார். அக்கா போகும்போது செலவில் தன் பங்கென்று காசு வைத்த ஒரு கடித உறையை அண்ணியிடம் கொடுக்கப் பார்த்ததையும், அண்ணி அதை அவருடைய பைக்குள்ளேயே திரும்பச் செருகிவிட்டதையும் அப்போதுதான் எனக்குச் சொன்னார்.

“எவ்வளவுங்க அண்ணே ஆச்சு எல்லாமா?” என்று கேட்டேன். அதுவரை நான் கேட்டதில்லை.

விண்ணப்பக் கட்டணம், சட்டத்தரணியின் பில் எல்லாம் சேர்த்து, அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நாலாயிரத்து முந்நூற்று எழுவது டொலர்.”